மருந்து என்று எழுதிய மூன்று பெட்டிகள்

நம் சபையின் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும், பயந்தே வாழ்ந்த ஒருவன் எழுதுகிறேன்.

போன பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு, விருதுநகரில் ஒரு லாரி ஷெட்டில் ஒரு சிறு கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு பெரிய மரப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. நிறமில்லாமல் இருந்தது. அது சிவப்பாகிவிட்டால் ஆறு வருட வேலை வீண். பதினொரு மாணவர்களின் ஆராய்ச்சி நின்றுவிடும். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ‘ஆண்டவரே, ஆண்டவரே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையும் எண்ணினேன். நாற்பதுவரை எண்ணியது நினைவிருக்கிறது.

எனக்கு அறுபத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறையில் முப்பத்துநான்கு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆலயத்தில் இடப்பக்கம் மூன்றாவது தூணுக்கு அருகில் உட்காருகிறவன். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று போதகர் அழைக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். காரணம் உண்டு. முன்னே போகிறவர்கள் எல்லாரும் கர்த்தர் தங்கள் பயத்தை எடுத்துப்போட்டார் என்று சொல்லி முடிப்பார்கள். என் பயத்தை அவர் எடுக்கவில்லை. இன்றைக்கும் வீட்டைப் பூட்டினால் பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்ப்பேன். காஸ் சிலிண்டரை மூன்று முறை திருகிப் பார்ப்பேன். பேருந்தில் ஏறினால் அவசரவழி எத்தனையாவது ஜன்னல் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். இப்படிப்பட்டவன் என்ன சாட்சி சொல்வது என்று இருந்துவிட்டேன். இப்போது சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஓர் எலக்ட்ரான் நுண்ணோக்கி. சாதாரண நுண்ணோக்கி போலக் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் அதில் கிடையாது. ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு பார்க்கும். படம் திரையில் வரும். ஒரு தலைமுடியை வைத்தால் அதன்மேல் இருக்கும் செதில்கள் ஓடு வேய்ந்த கூரைபோலத் தெரியும். எங்கள் பல்கலைக்கழகத்தில் அது இல்லை. மாணவர்கள் மாதிரிகளைச் சிறு குப்பிகளில் போட்டுக்கொண்டு வெளியூர் ஆய்வுக்கூடங்களுக்குப் போவார்கள். பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். முறை வந்தால் அரை மணி நேரம் கிடைக்கும். கருவியைத் தொட விடமாட்டார்கள். அங்கே இருக்கிறவர் படம் எடுத்துக் கொடுப்பார். நுண்ணோக்கிப் படங்களை வைத்து முனைவர் பட்டம் வாங்கி, நுண்ணோக்கியின் ஒரு திருகைக்கூடத் தொடாமல் போனவர்கள் என் கையிலேயே ஒன்பது பேர். அந்த வெட்கம் எனக்குள் முள்ளாக இருந்தது.

இப்போது இருக்கிற பதினொரு பேரில் முத்துலட்சுமி என்று ஒரு பெண். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர். சில வருடங்களுக்கு முன் வேலையில் அவருக்கு இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. காயம் ஆறியது. ஆனால் தோல் இறுகிவிட்டது. விரல்களை முழுசாக விரிக்க முடியாது. ஆனாலும் காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் ஏறிவிடுவார். முத்துலட்சுமி எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி தீக்காயக் களிம்பு. தோல் இறுகாமல் ஆறவேண்டும். களிம்புக்குள் இருக்கும் நுண்துகள்கள் எப்படிப் படிகின்றன என்று பார்த்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். மூன்று முறை வெளியூர் போனாள். மூன்று முறையும், முறை வருவதற்குள் களிம்பு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

“எங்கம்மா தெனமும் கேலி பண்ணுது சார்” என்று ஒருநாள் சொன்னாள். “ஒன் கல்யாணத்துக்கு நான் கையில மருதாணி வைக்கணும், அதுக்குள்ள களிம்பை முடிச்சிருவியா, இல்ல கல்யாணத்தைத் தள்ளிப் போடவான்னு கேக்குது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்றபிறகும் துறை என்னை விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இந்தக் கருவிக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினேன். மறுபடி திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை இருந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் கருவியை நிறுவி ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி ரத்தாகிவிடும். கருவி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரத் தாமதமாகி, சென்னையில் இறங்கியதே பிப்ரவரியில்தான்.

அதோடு, கருவிக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் அதிர்ச்சி காட்டும் குழாய் ஒட்டியிருக்கிறது, பெட்டி எங்காவது இடித்தாலோ பொத்தென்று இறங்கினாலோ அது சிவந்துவிடும், ஒருமுறை சிவந்தால் மாறாது, சிவந்த பெட்டியைத் திறக்காமல் சோதனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்குப் பல மாதங்கள் ஆகும். இதுதான் விஷயம். நான் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்கரச் சாலையிலிருந்து எங்கள் துறை வாசல்வரை ஒருநாள் காலையில் நடந்தே போய்ப் பார்த்தேன். வேகத்தடைகள் பதினேழு. குழிகள் இருபத்துமூன்று. ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. துறை வாசலில் ஐந்து படிகள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, குடும்ப ஜெபத்தில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தேன். பதினோராவது வேகத்தடைக்கு வந்தபோது என் மனைவி எஸ்தர் கண்ணைத் திறந்துவிட்டாள். அவள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எதற்கும் கலங்காதவள்.

“நீங்க ஜெபம் பண்றீகளா, கர்த்தருக்கு லிஸ்ட்டு குடுக்கிறீகளா?” என்றாள்.

“ஞாபகப்படுத்துறேன்.”

“யாருக்கு, அவருக்கா? நல்லா இருக்கு போங்க. ஆமென் சொல்லுங்க, இட்லி ஆறுது.”

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன். ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும், இல்லாவிட்டால் நான் எதையாவது கெடுத்துவிடுவேன். இந்த ஜெபத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வரும் நீளமான லாரி எங்கள் சுரங்கப்பாதைக்குள் நுழையாது. அதனால் ஊருக்கு வெளியே ஒரு லாரி ஷெட்டில் பெட்டிகளைச் சின்ன வண்டிக்கு மாற்றவேண்டும். அந்த ஷெட் கிளார்க்கிடம் நான்தான் போனில் பேசினேன். கிரேனுக்கும் நான்தான் சொல்லிவைத்தேன். ஷெட்டில் அந்த நேரம் ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“சரக்கு என்ன சார்?” என்றார் கிளார்க்.

“நுண்ணோக்கி. மூணு பெட்டி. மருந்தியல் துறைக்கு.”

“என்னது சார்? சத்தமாச் சொல்லுங்க.”

“மருந்தியல்! மருந்து! மருந்தியல்!”

“ஓ, மருந்தா?”

“ஆமா. ரொம்ப ஜாக்கிரதையாத் தூக்கணும். ஒரு தட்டு தட்டுனாலும் போச்சு. அம்புட்டும் போச்சு.”

“அதை எங்களுக்குச் சொல்லணுமா சார்? நீங்க நிம்மதியா இருங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். வெளியூரில் இருக்கிற விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். மற்ற இடங்களில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது. சிவகாசி வட்டாரத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பது. வெடிமருந்தைத்தான் இங்கே மருந்து என்போம். மருந்து ரூம் என்றால் டாக்டர் இருக்கிற இடமில்லை. முப்பத்துநான்கு வருடம் மருந்து என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியவன் நான். பிறந்து வளர்ந்ததும் இதே ஊரில்தான். ஆனாலும் போனை வைத்தபோது எனக்கு அது தோன்றவில்லை. கிளார்க் நிம்மதியாக இருக்கச் சொன்னாரே, அது எப்படி என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், நான் ஆறரைக்கே போய்விட்டேன். சென்னை லாரி ஏழே முக்காலுக்கு வந்தது. ஓடிப்போய் மூன்று குழாய்களையும் பார்த்தேன். மூன்றும் நிறமில்லாமல் இருந்தன. அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். கிரேன் இல்லை.

கிரேன் நிற்கவேண்டிய இடத்தில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எட்டுப் பேர் காலிலும் செருப்பு இல்லை. செருப்புகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஒருவர் ஓலைக்கூடையை நீட்ட, ஒவ்வொருவராகச் செல்போனையும் பீடிக்கட்டையும் அதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றிப் போட்டார் ஒருவர், அதில் இரும்புக் கொக்கி இருந்ததால். தரையில் ஈரச் சாக்குகளை விரித்திருந்தார்கள்.

“கிரேன் எங்க?” என்று கிளார்க்கிடம் கேட்டேன்.

“என்ன சார் நீங்க, மருந்து லோடுக்கு யாராச்சும் கிரேன் வைப்பாகளா? சங்கிலி உரசிப் பொறி பறந்தா என்னத்துக்காகும்? வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். மருந்து ஏத்துற லைசென்ஸ் வண்டி போட்டிருக்கேன். மருந்துலயே பழகுன ஆளுக, சிவகாசியில இருந்து வரவச்சிருக்கேன். சீசன் இல்லாததால கெடைச்சாக.”

மேசைமேல் இருந்த சீட்டை என் பக்கம் திருப்பினார். ‘மருந்து – 3 பெட்டி – யுனிவர்சிட்டி’ என்று எழுதியிருந்தது. மூன்று பெட்டிகளிலும் அதே மாதிரி சீட்டை ஒட்டிவிட்டிருந்தார்கள்.

இது மருந்து இல்லை, மைக்ராஸ்கோப் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அந்தக் காலடிகளைப் பார்த்தேன். பூனை நடப்பதுபோல நடந்தார்கள். ஒருவர்கூடக் காலைத் தேய்க்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். இரும்புக்கு எதற்கு இந்தப் பாடு என்று இழுத்துத் தள்ளுவார்கள். இல்லாவிட்டால் கிளம்பிப் போய்விடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த எட்டுப் பேரில் தலைவராக இருந்தவர் மேஸ்திரி கருப்பசாமி. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். பெரிய பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பெரியவரே, உள்ள என்ன மருந்து?”

“வெளிநாட்டுச் சரக்கு” என்றேன்.

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, “வாங்கடா” என்றார்.

பெரிய பெட்டியின் எடை நானூற்று எண்பது கிலோ. மற்ற இரண்டும் அதில் பாதிகூட இல்லை. மரக்கட்டைகளைக் குறுக்கே கொடுத்து, கயிறு கட்டி, எட்டுப் பேரும் தோள் கொடுத்து எழுப்பினார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை. மேஸ்திரி மட்டும் நாக்கைச் சொடுக்கிச் சத்தம் கொடுப்பார். ஒரு சொடுக்குக்கு ஓர் அடி. வண்டியில் ஏற்றி முடிக்க இருபத்தாறு சொடுக்கு ஆயிற்று. ஒவ்வொரு சொடுக்குக்கும் நான் குழாயைப் பார்த்தேன்.

வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில் போனது. நான் ஆட்டோவில் பின்னால் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி நின்றது. இரண்டு பேர் குதிக்காமல் இறங்குவார்கள். மரத்தூள் அடைத்த சாக்குகளைத் தடைக்கு முன்னும் பின்னும் சரிவாகப் போடுவார்கள். வண்டி ஏறி இறங்கியதும் சாக்குகளை எடுத்துக்கொள்வார்கள். பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, “ஏலே, என்ன பிள்ளைத்தாச்சியவா ஏத்திட்டுப் போறீக?” என்று கத்தினார். சாக்கு எடுத்துக்கொண்டிருந்தவர், “மருந்துலே!” என்றார். அதற்குப்பிறகு அந்தப் பேருந்து ஐம்பதடி தள்ளியே வந்தது. ஹாரன் சத்தம் இல்லை.

என்னையும் அறியாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தேன். பதினேழையும் கடந்தோம். நான் தாளில் எழுதி ஜெபித்த அதே பதினேழு. கடவுள் கேட்டிருக்கிறார் என்று சந்தோஷப்படவேண்டியவன் நான். எனக்கோ பயம் இன்னும் கூடியிருந்தது. இப்போது பெட்டியைப் பற்றி மட்டும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. தார்ச் சாலையில் அவர்கள் வெறுங்காலோடு இறங்கி ஏறினார்கள். உள்ளே இருப்பது வெடித்தால் தாங்கள் எட்டுப் பேரும் போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் சும்மா இருக்கிறேன். என்னைக் குறித்தே எனக்குப் பயமாக இருந்தது.

துறை வாசலில் முத்துலட்சுமியும் மற்ற மாணவர்களும் நின்றிருந்தார்கள். மேஸ்திரியின் ஆட்கள் ஐந்து படிகள்மேலும் அகலப் பலகைகளைச் சரிவாகப் போட்டார்கள். சின்னப் பெட்டிகள் இரண்டும் உள்ளே போயின. போன்கள் இருந்த ஓலைக்கூடையைத் தூரத்தில் வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். பெரிய பெட்டியைத் தோளில் ஏற்றிப் பலகையில் பாதி தூரம் வந்திருப்பார்கள்.

மேற்கே ஒரு சத்தம் கேட்டது. டொம்மென்று அடிவயிற்றில் விழுகிற சத்தம். துறையின் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின.

இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தம் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. அது கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போனைத் தேடுவோம். யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள், எந்தக் கம்பெனி, எந்த ரூம். பெட்டியைத் தாங்கியிருந்த எட்டுப் பேரில் நான்கு பேருடைய மனைவிமார் அன்று பட்டாசு வேலைக்குப் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா அன்று காலையும் வேனில் ஏறியிருந்தார்.

எட்டு முகங்களும் வெளுத்துவிட்டன. முன்னால் இருந்தவர் வேப்பமரத்தடிக் கூடையைத் திரும்பிப் பார்த்தார். இதோ, போடப்போகிறார்கள், சிவக்கப்போகிறது என்று நினைத்தேன்.

“எவனும் தோளை எடுக்காதீக” என்றார் மேஸ்திரி. “மேல கொண்டு போயி எறக்கிட்டுப் பேசிக்கிடலாம். ஏலே முருகா, காலைப் பாத்து வையி. ம், போ.”

நாக்கைச் சொடுக்கினார். ஓர் அடி. இன்னொரு சொடுக்கு. இன்னோர் அடி.

அந்த இடத்தில் என் ஜெபம் மாறியது. நான் மாற்றவில்லை, அதுவாக மாறியது. ஆண்டவரே, பெட்டி எப்படிப் போனாலும் போகட்டும். இவர்கள் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் அம்மாவைக் காப்பாற்றும். ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கருவி என் ஜெபத்தில் இல்லை.

ஒன்பது சொடுக்கு. உள்ளே கொண்டுபோய்ச் சாக்கின்மேல் இறக்கினார்கள். பெட்டி தரையைத் தொட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தோள் விடுபட்டதும் எட்டுப் பேரும் வேப்பமரத்தை நோக்கி ஓடினார்கள். அன்றைக்கு முழுவதும் ஓடாதவர்கள் அப்போது ஓடியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதனால் முத்துலட்சுமி கம்பெனி வாசல் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தார். சுற்றியிருந்த எங்கள் எல்லாருக்கும் அவர் குரல் கேட்டது.

“ஒண்ணுமில்ல பாப்பா. குவாரில வெடி வச்சிருக்கான். உங்கம்மா இந்தா மரத்தடியில டீ குடிச்சிக்கிட்டு இருக்காக. குடுக்கவா?”

பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது. “யாரு, எம் மகளா? வேலை நேரத்துல போன் பண்ணாதேன்னு சொல்லு. மைக்ராஸ்கோப்பு வந்திருச்சான்னு கேளு.”

முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்து அழுதாள். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் பதில் வந்தது. குவாரி. குவாரிதான். ஒருவர் மரத்தில் சாய்ந்து சிரித்தார், கண்ணில் நீர் வழிந்தது.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. மேஸ்திரி முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். “மன்னிச்சிருங்க. அந்தப் பெட்டில மருந்து இல்ல. சீட்டுல தப்பா எழுதிட்டாங்க. காலையிலயே எனக்குத் தெரியும். நான் சொல்லலை. உங்களைக் காலு சுட நடக்க வச்சுட்டேன்” என்றேன்.

கருப்பசாமி தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“மருந்து இல்லேன்னு எங்களுக்கும் தெரியும்.”

எனக்குப் புரியவில்லை.

“தோளு குடுத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. உள்ள முழுசா இரும்பு. இரும்போட எவன் மருந்தை வைப்பான்? அந்தக் கிளார்க்குக்குத்தான் தெரியாது. பேனா பிடிக்கிற ஆளு.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்பறம் ஏன் செருப்புப் போடலை? ஏன் சாக்கு விரிச்சீக?”

“உங்க மொகத்தைப் பாத்தேன் சார்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. “இருவது வருசமா மருந்து தூக்குறேன். இப்படிப் பயந்து நின்ன ஆளை நான் பாத்ததில்ல. அந்தச் சின்னக் குழாயை எம்புட்டுத் தடவை குனிஞ்சு பாத்தீக! ஒரு பெரிய மனுசன் இம்புட்டுப் பயப்படுறாருன்னா, உள்ள இருக்கிறது எதுவா இருந்தாலும் மருந்து மாதிரிதான் தூக்கணும். அதைத்தான் பயலுககிட்டயும் சொன்னேன்.”

முருகன் என்பவர், “நீங்க சிரிச்சிக்கிட்டு நின்னிருந்தா உருட்டி விட்டிருப்போம் சார்” என்றார். மறுபடியும் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. சகோதரரே, அந்த வேப்பமரத்தடியில் எனக்கு ஒன்று உறைத்தது. சிறுவயதிலிருந்து நான் கர்த்தரிடம் எடுத்துப்போடும் என்று கேட்டுவந்த பயம். விசுவாசக் குறைவு என்று வெட்கப்பட்டு மூன்றாவது தூணுக்குப் பின்னால் மறைத்துவைத்த பயம். அதை அவர் எடுக்கவில்லை. அதையே எட்டுப் பேர் படிக்கும்படி என் முகத்தில் எழுதி வைத்திருந்தார். கிளார்க்கின் தப்புச் சீட்டு கிரேனைத் திருப்பி அனுப்பியது. என் பயந்த முகம் மீதியைச் செய்தது. நான் ஏற்பாடு செய்தது எதுவும் நடக்கவில்லை. பெட்டிக்காக நான் கேட்டது மட்டும் நடந்தது.

அன்று மதியம் எஸ்தர் சமைத்து அனுப்பிய சாப்பாட்டை எட்டுப் பேரும் மாணவர்களோடு வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாருடைய கால் கொப்பளித்திருக்கிறது என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு பேருக்கு இருந்தது. முத்துலட்சுமி தடவ எண்ணெய் கொண்டுவந்தாள். அவர்கள் பெயர்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் அந்த எட்டுப் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். நம் சபையார் இல்லை. அதனால் என்ன?

நான்கு நாள் கழித்துக் கருவிக் கம்பெனியின் பொறியாளர் வந்தார். அந்த நான்கு நாளும் பூட்டிய அறைக்குப் போய் ஜன்னல் வழியாக, நிறமில்லாமலே இருந்த குழாயைப் பார்த்துவந்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவர் பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். வழியெல்லாம் பட்ட அதிர்வைப் பதிவு செய்யும் கருவி அது. அதைக் கணினியில் மாட்டி, கோட்டுப்படத்தைக் காட்டினார். கப்பலில் ஏற்ற இறக்கங்கள். துறைமுகத்தில் ஒரு கூர்முனை, எல்லைக்கு மயிரிழை கீழே நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் அங்கேயே சிவந்திருக்கும், எனக்குத் தெரியவே தெரியாமல். நெடுஞ்சாலையில் சிறு சிறு முட்கள். கடைசி நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டரையிலிருந்து, கோடு ஏறக்குறைய நேராகப் போனது.

“சார், இந்த இடத்துல பெட்டி எங்கயும் நகரலையே. அப்புறம் எப்படி உள்ள வந்துச்சு?” என்றார்.

“தூக்கிட்டு வந்தாங்க” என்றேன்.

“எந்தக் கிரேன் கம்பெனி? நம்பர் குடுங்க, மத்த ஊருக்கும் சொல்றேன்.”

கருப்பசாமியின் நம்பரைக் கொடுத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் கருவி ஓடியது. முதலில் எதைப் பார்ப்பது என்று மாணவர்களுக்குள் போட்டி. பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சாக்கு நார் ஒன்றை முத்துலட்சுமி எடுத்துவந்தாள். அதைத்தான் வைத்தாள். திரையில் அது முறுக்கிய பெரிய கயிறு மாதிரி வந்தது. திருகை அவளே திருப்பினாள். என் கண் முன்னால் ஒரு மாணவி முதல்முறையாக அந்தத் திருகைத் தொட்டாள். இப்போது பயிற்சிக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர் வீதம் வருகிறார்கள். வேறு கல்லூரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். யாரிடமும் தொடாதே என்று சொல்வதில்லை. சொல்ல நாக்கு வரைக்கும் வரும். விழுங்கிவிடுவேன்.

களிம்பு இன்னும் முடியவில்லை. பொய் சொல்லக்கூடாது. ஆனால் துகள்கள் எங்கே திரண்டுபோகின்றன என்று கண்டுபிடித்துவிட்டாள். அவள் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். மடங்கிய விரல்களால் திரையைத் தொடாமல் சுட்டிக்காட்டி, “இம்புட்டுத் தெளிவாத் தெரியுதுல்ல, இனி என்ன சாக்கு சொல்லுவ?” என்று மகளைக் கேட்டார்.

எனக்கு என்ன மாறியது என்று கேட்பீர்கள். பூட்டை இன்னும் நான்கு முறைதான் இழுக்கிறேன். காஸை மூன்று முறைதான் திருகுகிறேன். ஆனால் பயத்தை எடுத்துப்போடும் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆண்டவரே, இதை வைத்து இன்றைக்கு என்ன செய்யப் போகிறீர் என்று கேட்கிறேன். யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால் பாதி உண்மை சொல்லி நிறுத்துவதில்லை. போன ஞாயிறு போதகர் அழைத்தபோது தலையைக் குனியவில்லை. எண்ணிக்கொண்டே முன்னே போனேன். தூணிலிருந்து பலிபீடம்வரை இருபத்திரண்டு அடி. அன்று சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

உங்களில் யாராவது என்னைப்போல இருக்கலாம். எல்லாரும் தைரியமாகப் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறவர்கள் இருக்கலாம். பயம் போனபிறகு அவரிடம் வரலாம் என்று காத்திருக்காதீர்கள். அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். தூக்கத் தெரிந்தவர் அவர். மெதுவாக இறக்கி வைப்பார்.

நான் இப்போதும் அந்தச் சாலையில் ஆட்டோவில் போகிறேன். வேகத்தடைகளை எண்ணுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம். இன்று காலையும் பதினேழு.